அழைப்பிதழ் உடையாமல் போய்ச் சேர: பாமினியா, படமா, பிடிஎஃப்பா, யூனிகோடா?

சென்ற ஆண்டு தீமிதிக்கு நான் அடித்த ஒரே அழைப்பிதழ் நான்கு ஊர்களில் நான்கு விதமாகத் தெரிந்தது. ரங்கூனில் என் கணினியில் எந்தக் குறையும் இல்லை. பெகுவில் இருக்கும் மாமாவின் பழைய போனில் தமிழ்ப் பகுதி முழுக்க வெற்றுக் கட்டங்கள். எல்லை தாண்டி, மணிப்பூரின் மோரேயில் அத்தை வீட்டில் தமிழ் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் கீழே இருந்த பர்மியப் பகுதியில் குறிகள் இடம் மாறி, படிக்க முடியாமல் கிடந்திருக்கிறது. சென்னை வியாசர்பாடியில் சித்தப்பா மகன் இணைப்புக் கோப்பைத் திறந்தபோது தமிழே காணோம். புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக. "மாப்ளே, கட்டம் கட்டமா வருது. என்னைக்குத் தீமிதின்னு வாயாலயே சொல்லிடு" என்று மாமா போன் செய்தார். சொன்னேன். ஆனால் நூற்றிருபது வீடுகளுக்கு வாயால் சொல்ல முடியாது.

எங்கள் கோயில் அறிவிப்புகளை எப்போதும் தமிழ், பர்மியம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் போடுவோம். காரணம் எளிது. எங்கள் தலைமுறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கோயில் மாலை வகுப்பில் படித்தவர்கள். பள்ளிக்கூடம் முழுக்கப் பர்மியம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் பலருக்கு எழுத்து என்றால் முதலில் பர்மிய எழுத்துதான் நினைவுக்கு வரும். 1960-களில் பர்மா அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கியபோது கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகளோ தமிழ்நாட்டிலும் மோரேயிலும் இருக்கிறார்கள். அவர்களில் சின்னவர்களுக்குப் பர்மியம் தெரியாது. ஆகவே ஒரே தாளில் இரண்டு சிக்கலான எழுத்து முறைகள் உடையாமல் போய்ச் சேர வேண்டும். இந்த ஆண்டு கோயில் கமிட்டி என்னிடம், எதில் அடிப்பது, எதில் அனுப்புவது, பழைய கோப்புகளை என்ன செய்வது என்று ஒரு முடிவு எடுத்துச் சொல்லச் சொன்னது. அதற்காக ஒவ்வொரு வழியையும் போட்டுப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். வேறு ஊரில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு உதவலாம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், உடைந்த எழுத்து என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும். இது தெரியாததால்தான் பலர் நல்ல கோப்பைத் திருத்தப் போய்க் கெடுக்கிறார்கள்.

கட்டம் வந்தால் கவலை வேண்டாம். எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது; அதை வரைந்து காட்டும் எழுத்துரு அந்தக் கருவியில் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தைத் தொழில்காரர்கள் டோஃபு என்பார்கள். கூகுள் உருவாக்கிய நோட்டோ எழுத்துருக் குடும்பத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான்: டோஃபு இனி வேண்டாம் என்பதன் சுருக்கம். மாமாவின் போனுக்கு வந்த செய்தியை அப்படியே வேறு போனுக்கு அனுப்பிப் பார்த்தோம், ஒரு புள்ளி குறையாமல் தெரிந்தது.

ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் அதுவும் பிழைக்கக்கூடிய நோய்தான். உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஓர் எண் கொடுப்பது யூனிகோட். அந்த எண்ணைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், கொம்பு, கால், புள்ளி போன்ற ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் போகின்றன. நாம் வழக்கமாக எழுதும் தமிழ் முழுவதற்கும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. திறக்கும் நிரல் இதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று தவறாக எடுத்துக்கொண்டு பைட் பைட்டாகப் படித்தால், தலைமேல் சாய்கோடு போட்ட ஒரு சின்ன 'ஏ'-யும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வரும். அந்த ஜோடியைக் கண்டால் உள்ளே தமிழ் முழுசாக இருக்கிறது என்று பொருள். சேமிக்காமல் மூடிவிட்டு, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திரும்பத் திறக்க வேண்டும். வியாசர்பாடித் தம்பிக்கு இதைச் சொன்னதும் ஒரே நிமிடத்தில் சரியானது.

கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால்தான் துக்கம். தமிழுக்கு இடமே இல்லாத ஒரு குறியாக்கத்துக்கு, அதாவது எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் வேறொரு முறைக்கு, மாற்றிச் சேமித்துவிட்டார்கள். தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை நிரல் எழுதிவிட்டது. உள்ளே இப்போது இருப்பதும் கேள்விக்குறிதான். எந்த மருந்தும் கிடையாது; அனுப்பியவரிடம் மூலத்தைக் கேட்க வேண்டியதுதான். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால் கதை வேறு: பழைய குறியாக்கக் கோப்பை யுடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்திருக்கிறீர்கள். அதையும் சேமிக்காமல் மூடுங்கள். அப்படியே சேமித்துவிட்டால் வைரம் நிலைத்துவிடும், எழுத்து போய்விடும்.

கடைசியாக, கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்பது. தாங்கும் எழுத்து இல்லாமல் ஒரு குறி அனாதையாக வந்தால் அந்தப் புள்ளி வட்டம் வரும். பழைய எழுத்துருவிலிருந்து அரைகுறையாக மாற்றிய கோப்புகளில் இது அதிகம். ஏன் என்பது பாமினியைப் பார்த்தால் விளங்கும்.

எங்கள் கோயில் கணினியில் இருந்த பழைய கோப்புகளில் பாதிக்கு மேல் பாமினி. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. நாம் 'அம்மா' என்று பார்ப்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருக்கும் வரை அம்மா. இல்லாத இடத்தில் பொருளற்ற ஆங்கிலம். அந்தக் காலத்துக்கு இது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். கணினிக்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத நாளில், ஓர் எழுத்துருவை நிறுவியதும் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அச்சகங்களில் இன்றும் இது ஓடக் காரணம், பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரியாமல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். புதிய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்கினால் சரியாக வரும். ஆனால் பழகிய கை மாறுவதற்குத் தயங்குகிறது.

பாமினியோடு ஒப்பிட்டால் டிஸ்கி ஒரு படி மேல். அது எட்டு பிட் குறியாக்கம், அதாவது மொத்தம் 256 இடம். ஆங்கிலத்துக்குரிய கீழ்ப்பாதி 128 இடங்களைத் தொடாமல் மேல்பாதியில் தமிழை வைத்தது. அதனால் ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் எழுத்துரு மாற்றாமல் இருக்க முடிந்தது. யூனிகோடுக்கு மாற்றும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. டிஸ்கி கோப்பில் இருக்கும் ஆங்கிலப் பெயர்கள் பிழைக்கின்றன. பாமினி கோப்பை மொத்தமாக மாற்றும் நிரலில் போட்டால் நடுவில் இருந்த ஆங்கில முகவரியும் தமிழ் என்று நினைத்து மாற்றப்பட்டு, உளறலாக வருகிறது. எங்கள் நன்கொடையாளர் பட்டியலில் இப்படித்தான் தெருப் பெயர்கள் முழுக்கச் சிதைந்தன. நல்ல வேளை, மூலத்தின் நகல் இருந்தது. மாற்றுவதற்கு முன் ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் முறை செய்தேன்.

இந்தப் பழைய முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிப்பது. 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. கையால் எழுதுவதும் அப்படித்தானே, அதனால் இயல்பாகப் படும். யூனிகோடில் ஒலி வரிசை: முதலில் 'க', பிறகு அதற்குரிய எகரக் குறி; கொம்பை இடப்பக்கம் வரைவது எழுத்துருவின் வேலை. சரியாக மாற்றாத கோப்பில் கொம்பு முன்னாலேயே நின்றுவிடுவதால்தான் புள்ளி வட்டம் வருகிறது.

இதே வேறுபாடு பர்மியத்தில் ஒரு நாட்டையே அலைக்கழித்தது. தமிழர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பர்மியத்திலும் எகரத்துக்கு இடப்பக்கம் வரும் ஒரு குறி உண்டு. நம் கொம்புக்கு உறவு என்றே சொல்லலாம், இரண்டு எழுத்துக்கும் மூதாதை பிராமிதான். ஜாவ்ஜி என்ற எழுத்துரு அதை எழுத்துக்கு முன்னால் சேமித்தது. யூனிகோட் பின்னால் சேமிக்கிறது. பர்மியம் யூனிகோடுக்குள் 1999-லேயே வந்துவிட்டாலும், இன்று நாம் பயன்படுத்தும் ஒழுங்கு 2008-ல் வந்த 5.1 பதிப்பில்தான் நிலைபெற்றது. அந்த இடைவெளியில் ஜாவ்ஜி பரவிவிட்டது. அது யூனிகோடின் பர்மியப் பகுதிக்குரிய எண்களையே எடுத்துக்கொண்டு தன் இஷ்டப்படி பயன்படுத்தியது என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். ஒரே எண்ணுக்கு இங்கே ஒரு பொருள், அங்கே ஒரு பொருள். 2014-ல் புதிய தொலைபேசி நிறுவனங்கள் வந்து சிம் அட்டை 1,500 கியாட்டுக்குக் கிடைத்ததும் நாடே ஒரே மூச்சில் கைபேசிக்கு வந்தது. வந்த கைபேசிகளில் பெரும்பாலும் ஜாவ்ஜி. எல்லோரும் அதிலேயே எழுதினார்கள், எல்லோருக்கும் தெரிந்தது, அப்புறம் எதற்கு மாற வேண்டும் என்று கேட்டார்கள்.

எல்லோருக்கும் தெரியவில்லை. ஜாவ்ஜி தன் கூடுதல் வடிவங்களுக்காக எடுத்துக்கொண்ட இடங்கள் மொன், ஷான், கரேன் மொழிகளுக்காக ஒதுக்கப்பட்டவை. பெரும்பான்மை மொழி ஒழுங்காகத் தெரிவதற்காகச் சிறுபான்மை மொழிகளின் எழுத்து இருக்கை இழந்தது. ஒரு மொன் நண்பர் தன் தாய்மொழியில் ஒரு வரி அனுப்பினால் ஜாவ்ஜி போனில் அது குப்பையாக வரும். தமிழுக்கு யூனிகோடில் தனிப் பகுதி இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். ஆனால் இந்த நாட்டில் நாங்களும் சிறுபான்மைதான். அந்த நண்பரின் வருத்தம் எனக்கு அந்நியமானதாக இல்லை. 'எங்களுக்குத் தெரிகிறதே, போதாதா' என்ற வாதத்தை நான் அன்றிலிருந்து ஏற்பதில்லை.

2019 அக்டோபர் 1 அன்று மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. பேஸ்புக் தானே கண்டறிந்து மாற்றிக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. எது ஜாவ்ஜி, எது யூனிகோட் என்று கணித்துச் சொல்லும் திறந்த மூலக் கருவியைக் கூகுள் வெளியிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் தாமாக மாறாது. மோரே அத்தைக்குப் போன அழைப்பிதழில் நடந்தது அதுதான்: பர்மியப் பகுதியை ஐந்தாறு ஆண்டுப் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். என் கணினியில் ஜாவ்ஜி எழுத்துரு இன்னும் இருந்ததால் எனக்கு மட்டும் குறை தெரியவில்லை. எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன் அந்த எழுத்துரு இல்லாத ஒரு கருவியில் திறந்து பார்ப்பது அன்றிலிருந்து எங்கள் வழக்கம்.

ஜாவ்ஜியிலிருந்து மாற்றும்போது இரண்டு விஷயம். மாற்றும் நிரல் பர்மியப் பகுதியை மட்டும்தான் தொடும். அதே தாளில் இருக்கும் யூனிகோட் தமிழுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஏற்கெனவே யூனிகோடாக இருக்கும் பர்மியத்தை மறுபடி அந்த நிரலில் போட்டால் நல்லது கெட்டுவிடும். ஒரு கோப்புக்கு ஒரே முறை, அதுவும் சோதித்த பிறகு.

சரி, இவ்வளவு தொல்லைக்குப் படமாகவே அனுப்பிவிடலாமே? கமிட்டியில் பலர் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. படம் உடையாது. கட்டம் வராது, கொம்பு நகராது, அம்மன் படத்தோடு அழகாக வடிவமைத்து வைபர் செயலியில் போட்டால் மாமாவின் பழைய போனிலும் தெரியும். திருமண அழைப்பிதழ், திருவிழா வாழ்த்து போன்றவற்றுக்கு நானும் படம்தான் சொல்வேன்.

ஆனால் ரங்கூனில் மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து சார்ஜ் போடுகிறவர்களுக்குப் படத்தின் எடை ஒரு பொருட்டு. அறுநூறு எழுத்தும் குறியும் கொண்ட ஓர் அறிவிப்பு யுடிஎஃப்-8-ல் 1,800 பைட்டுதான், இரண்டு கிலோபைட்கூட இல்லை. அதையே படமாக்கினால் நூற்றுக்கணக்கான கிலோபைட். இணையம் இழுத்து இழுத்து வரும் நாளில் எழுத்து வந்துவிடும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகப் போகச் செயலி படத்தைச் சுருக்கிச் சுருக்கி, நான்காவது ஆளுக்குப் போவதற்குள் 'ன'-வுக்கும் 'ண'-வுக்கும் வேறுபாடு தெரியாமல் மங்கிவிடுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. எங்கள் பெரியவர்களில் ஒருவருக்குக் கண் பார்வை போய்விட்டது. போன் உரக்கப் படித்துச் சொல்வதைக் கேட்பார். படத்தை அது படித்துச் சொல்வதில்லை. அவருக்குத் தீமிதி நாளைச் சொல்லாத அழைப்பிதழ் எவ்வளவு அழகாக இருந்து என்ன? மூன்றாண்டு கழித்து 'அந்த ஆண்டு அன்னதானம் யார் கொடுத்தார்கள்' என்று தேடினாலும் படத்துக்குள் நம்பித் தேட முடியாது.

பிடிஎஃப் நடுவழி. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைப்பதால் எந்த ஊரிலும் ஒரே மாதிரி தெரியும்; அச்சகத்துக்குக் கொடுக்க இதைவிட நல்லது இல்லை. எழுத்துருவைப் பொதிக்கத் தவறினால் மட்டும் பாமினியின் கதிதான். ஆனால் பிடிஎஃப் என்பது அடிப்படையில் தாளின் ஓவியம்: எந்த வடிவத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்பு. அதிலிருந்து தமிழை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பல நேரம் கொம்பு முன்னால் வந்து நிற்கும், சில எழுத்து காணாமல் போகும். ஆண்டறிக்கையைப் பிடிஎஃப்பாக மட்டும் வைத்திருந்து, மூலக் கோப்பைத் தொலைத்த ஒருவருக்காக இருபத்தெட்டுப் பக்கம் மீண்டும் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். எனவே அச்சுக்கும் படிப்பதற்கும் பிடிஎஃப், பாதுகாப்பதற்கு அது போதாது.

இளையவர்களின் வழி ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவது. எந்தக் கருவியிலும் உடையாது என்பது உண்மை. குறுஞ்செய்திச் செலவும் குறையும்: ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம்; ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் மொத்தச் செய்திக்கும் 70 இடம்தான். 'வரும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கூட்டம். அனைவரும் வருக.' என்ற வரியே, குறிகளையும் இடைவெளியையும் எண்ணினால் 60 இடம் பிடிக்கிறது. எங்கே கூட்டம் என்று சேர்த்தால் இரண்டு செய்தியாகிவிடும். அதனால் இணையம் இல்லாத பெரியவர்களுக்கு அவசரச் செய்தி என்றால் ஆங்கில எழுத்தில் அனுப்புவதை நான் குறை சொல்வதில்லை. ஆனால் பி-ஏ-எல்-ஏ-எம் என்று எழுதினால் அது பலமா, பாலமா, பழமா, பாளமா? வாக்கியத்தில் இருந்தால் ஊகிக்கலாம். ஓர் ஆளின் பெயராக இருந்தால் ஊகிக்க முடியாது. நன்கொடைப் பட்டியல் என்பது பெயர்களின் பட்டியல்.

பர்மிய எழுத்தில் தமிழை எழுதும் பழக்கமும் எங்கள் வீடுகளில் உண்டு. தேவாரம் பாடும் பிள்ளைகள் நோட்டில் அப்படி எழுதி வைத்துப் பாடுவார்கள். பாட்டு நிலைக்கிறது என்பதால் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் பர்மிய 'ர'-வை இன்றைய பேச்சில் வழக்கமாக 'ய' என்றே ஒலிப்பார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனதே அதனால்தான். ராமன் என்று எழுதி வைத்தால், தமிழ் கேட்டுப் பழகாத பேரப்பிள்ளை யாமன் என்று படிக்கும். ல, ள, ழ மூன்றும் ஒரே ஒலியாகிவிடும். சொல் முடிவில் வரும் மகரமும் னகரமும் மூக்கொலியாகக் கலந்துவிடும். தமிழைப் பாட உதவும் ஊன்றுகோலாக இருக்கட்டும். ஆவணமாக வைக்க முடியாது.

எண்ணாக எழுதும் ஒரு பழைய உபாயமும் சிலர் சொன்னார்கள். இணையப் பக்கத்துக்கு அனுப்பும்போது 'க' என்பதற்குப் பதில் க என்று எழுதுவது. ஆங்கிலக் குறிகள் மட்டுமே இருப்பதால் எந்தக் குழாய் வழியாகவும் உடையாமல் போகும், உலாவி அதைக் 'க' என்று காட்டும். ஆனால் ஓர் எழுத்துக்கு ஏழு குறி, மனிதர் யாரும் அதைப் படித்துத் திருத்த முடியாது. யுடிஎஃப்-8 எங்கும் செல்லும் இந்நாளில் தேவையில்லை.

தமிழ்நாட்டு அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 என்ற 16 பிட் குறியாக்கத்தைப் பற்றியும் ஓர் இளைஞர் ஆர்வமாகக் கேட்டார். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுப்பது அதன் அடிப்படை. 'கொ' என்பது ஓர் எழுத்து என்று நாம் படித்ததோடு அது பொருந்துகிறது, அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அது இருப்பது யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கென்று விட்ட பகுதியில். அதற்குரிய எழுத்துரு இல்லாத மாமாவின் போனில் மறுபடி கட்டம்தான். எங்கள் தேவைக்கு ஒத்துவராது.

ஆக, யூனிகோட். கமிட்டிக்கு நான் சொன்னது: மூலம் எப்போதும் யூனிகோட் உரைக் கோப்பாக, யுடிஎஃப்-8-ல் இருக்கட்டும், படம், பிடிஎஃப், ஆங்கில எழுத்துச் செய்தி எல்லாம் அதிலிருந்து தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் நகல்கள். பெகு மாமாவுக்குப் படம் போகட்டும், கண் தெரியாத பெரியவருக்கு எழுத்து போகட்டும். இரண்டையும் சேர்த்தே அனுப்பினால் இன்னும் நல்லது.

ஆனால் யூனிகோடுக்கு மாறியதோடு முடிவெடுக்கும் வேலை தீர்ந்துவிடவில்லை. அதற்குள்ளும் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுத வழி இருக்கிறது. எங்கள் உறுப்பினர் பட்டியலில் ஸ்ரீனிவாசன் என்று தேடியபோது நான்கு பேர் வர வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் வந்தார்கள். காரணம் அந்த முதலெழுத்து. 2005-ல் வந்த யூனிகோட் 4.1-ல் 'ஶ' என்ற எழுத்து தமிழுக்குச் சேர்க்கப்பட்டது. அதோடு புள்ளி, ர, ஈகாரக் குறி சேர்த்தாலும் ஸ்ரீ வடிவம் வரும். நாம் வழக்கமாக அடிக்கும் 'ஸ'-வோடு சேர்த்தாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் அதே வடிவம் வரும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு சொல். விதிப்படி சரியானது 'ஶ' உள்ள முறை. எங்கள் ஊர்க் கைபேசிக் கீபோர்டுகளில் கைக்கு வருவது 'ஸ' உள்ள முறை. நாங்கள் 'ஸ'-வைத் தேர்ந்தெடுத்தோம். பட்டியல் முழுவதையும் ஒரே முறைக்கு மாற்றினோம். வேறு சங்கம் மற்றதைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒரே பட்டியலில் இரண்டும் இருக்கக் கூடாது.

'கொ'-வுக்கும் இதே போல இரண்டு வழி: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. இந்த இரண்டும் சமம் என்று யூனிகோடே ஏற்றிருப்பதால், இயல்பாக்கம் என்ற ஒரு கட்டளையில் ஒன்றாகிவிடும். 'கௌ' அப்படி இல்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தை அடித்தால் பார்ப்பதற்குக் கௌரி போலவே இருக்கும். கணினிக்கு அது கெளரி. எந்தக் கட்டளையும் இதைச் சரிசெய்யாது, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். எங்கள் ஊரில் கௌரிகளும் கௌசல்யாக்களும் அதிகம். இரண்டு மாலை ஆயிற்று.

பழைய கோப்புகளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். உறுப்பினர், நன்கொடையாளர் பட்டியல்கள், கோயில் வரலாற்றுக் குறிப்புகள், பிறப்பு இறப்புப் பதிவுகள்: இவை மட்டும் பாமினியிலிருந்தும் ஜாவ்ஜியிலிருந்தும் யூனிகோடுக்கு. மூலக் கோப்பை அதன் எழுத்துருவோடு சேர்த்து அப்படியே தனி அடைவில் வைத்திருக்கிறோம், அழிக்கவில்லை. பழைய வரவேற்பு உரைகள், சுற்றறிக்கைகள் எல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பொருளில் மட்டும் இந்த முடிவு போதவில்லை. ஒரு குடும்பம் தங்கள் பெரியவரின் கணக்கு நோட்டு ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறது. செட்டியார் கடையில் கணக்கெழுதியவர் அவர். பற்று, வரவு, நாள், மாதம் எல்லாவற்றுக்கும் தனிக் குறிகள். தொகைகள் தமிழ் எண்ணில். முக்கால், அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு), மாகாணி (பதினாறில் ஒரு பங்கு) எல்லாம் ஒற்றைச் சுழிப்பில். பற்று, வரவுக் குறிகளுக்கு யூனிகோடில் 2003-லேயே இடம் கிடைத்துவிட்டது. பின்னக் குறிகளுக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 12-ஆம் பதிப்பில் தமிழ் இணைப்புப் பகுதி என்று தனியாக 51 குறிகள் சேர்த்தார்கள், முந்திரி எனப்படும் 320-ல் ஒரு பங்குகூட அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி யுடிஎஃப்-8-ல் நான்கு பைட் கேட்கிறது. எங்கள் பட்டியல் மென்பொருள் மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காத பழையது. அடித்த வரி அந்தக் குறியோடு வெட்டுப்பட்டு நின்றது. உரைக் கோப்பில் அடித்தால் சேமிக்கிறது, திறந்தால் என் கைபேசியிலேயே கட்டம். எழுத்து பத்திரமாக இருக்கிறது, காட்ட எழுத்துரு இல்லை.

இப்போதைக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, அருகிலேயே உரைக் கோப்பில் குறியையும் அடித்து, அதை ஒட்டி 'அரைக்கால்', 'மாகாணி' என்று சொல்லாகவும் எழுதி வருகிறோம். சுழிப்பு மங்கிய இடங்களில் எது அரைக்கால், எது மாகாணி என்று சொல்லத் தெரிந்தவர் எங்கள் தெருவில் ஒருவர்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். அவர் சொல்லச் சொல்ல அடிக்கிறேன். பதினொரு பக்கம் முடிந்திருக்கிறது.